மல்லாட்டைக் குட்டிகள்

தனத்தின் வெள்ளாடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டோடு குட்டி போட்டது. அதற்கு அப்பாசாமியின் வாய்தான் காரணம். திருவண்ணாமலை ஊர் முடிந்து கீழ்பென்னாத்தூர் சாலை தொடங்குகிற இடத்தில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷின் வைத்திருந்தார் அவர். பருப்பு செக்குக்குப் போகும், ஓடு செங்கல் சூளைக்குப் போகும், தூசு முழுக்கத் தன் மூக்குக்கு என்று அவரே சொல்லிக்கொள்வார். எதையும் நேராகச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று நினைக்கிற ஆள். ஆடி மழை ஏமாற்றிய அந்த வருடம், மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட்டாகி, லாட்ஜாகி, மிச்சமும் காய்ந்து கிடக்க, தனம் தீனியில்லாமல் ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, கடைசியாக மிஞ்சிய ஒரு சினையாட்டோடு மிஷின் வாசலில் வந்து நின்றாள். புண்ணாக்கு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். செக்கில் போய்க் கேள் என்று சொல்லியிருக்கலாம். அப்பாசாமி ஓட்டுக்குவியலைக் காட்டினார்.

"இதப் போடு தனம். மல்லாட்டை மாதிரியே ரெண்டு ரெண்டா குட்டி போடும்."

மிஷினில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். தனம் சிரிக்காமல் சாக்கை விரித்து ஓட்டை அள்ளத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து அப்பாசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆடு செத்துப்போனால் அந்தப் பாவமும் தன் தூசோடு சேர்ந்து தன் மூக்கிலேயே ஏறும் என்று பயந்து, கால்நடை மருத்துவர் சந்திரகலாவிடம் போய், தனக்குத் தெரிந்த ஒருத்தருக்குத் தெரிந்த ஒரு ஆடு என்று ஆரம்பித்தார். வெறும் ஓட்டில் சத்து கிடையாது, தவிடும் வெல்லப்பாகுத் தண்ணீரும் கலந்தால் தின்னலாம் என்றார் டாக்டர். "ஆட்டு வயித்துல நாலு அறை இருக்கு. நமக்கு ஒண்ணுதான். அது பாத்துக்கும், நீங்க தூங்குங்க." அப்பாசாமி இதைச் சொல்ல ஓடியபோது, தனம் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையைக் கழுவிய தண்ணீரில் ஓட்டை ஊறப்போட்டு, அரிசி மில் தவிட்டைத் தூவிக்கொண்டிருந்தாள். ஆடு சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்து விழுந்தது மல்லாட்டைக் காய்தான். சுரைக்காய் பெரிசு, மேலெல்லாம் வலைவலையாகக் கோடு, நடுவில் இடுப்பு. அப்பாசாமி அதைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. ஆட்டினால் சத்தம் வராத காயை அவர் மிஷினில் பொக்கு என்று ஊதித் தள்ளிவிடுவார்கள். கறிக்கடைக்காரர் மண்ணாங்கட்டி, தெருமுனையில் வண்டியை நிறுத்தித் தாயாட்டை எடைபோடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். காய் பொக்கென்றால் தனத்தின் தொழுவம் அன்றைக்கே காலி. தனம் அப்பாசாமியிடம் கையை நீட்டினாள்.

"காஞ்ச காய்தாண்ணா சத்தம் போடும். பச்சக் காய் எங்க போடும்? இப்டி குடுங்க."

விதைக்கு உடைக்கிற காய்க்குத் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்து, காயின் மூக்கில் கல்லால் ஒரு தட்டு தட்டினாள். காய் இரண்டாகப் பிளந்தது. அறைக்கு ஒன்றாக, சிவப்புத் தோல் போர்த்திய இரண்டு குட்டிகள். வறுத்த மல்லாட்டையை எல்லோரும் செய்வதுபோல் உள்ளங்கையால் தேய்த்து ஊதினாள். தோல் பறந்து சாலையில் போன பஸ்ஸுக்குள் புகுந்து கண்டக்டர் தலையில் ஒட்டியது. குட்டிகள் தும்மிவிட்டு எழுந்து நின்றன. மண்ணாங்கட்டி வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வருடம் அந்தத் தெரு ஆடெல்லாம் ஓடு தின்று காய் போட்டது, அதற்கடுத்த வருடம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம். சூளைக்காரர்கள் வேறு எரிபொருள் தேடிக்கொண்டார்கள். ரமணாசிரமப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து காயின் முன்னால் நாளெல்லாம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆட்டுக்குட்டிதான் என்று சொன்னதற்குத் தெரியும் என்றார். காயை மிஷினில் விட்டு உடைத்துத் தரச் சொன்ன ஒருவரை அப்பாசாமி சாலைவரை துரத்தினார். சந்தையில் ஓட்டுக்குட்டிக்கு மவுசு ஜாஸ்தி, சாதாக்குட்டிக்குக் கம்மி என்றானது. தனம் தொழுவத்தை இரண்டுமுறை இழுத்துக் கட்டினாள்.

அப்பாசாமிக்குமட்டும் ஒரு கேள்வி தொண்டையில் ஓடாக நின்றது. அதையும் சுற்றிவளைத்துத்தான் கேட்பார். "என் வாக்கு இன்னா வாக்கு பாத்தியா தனம், அப்பவே நம்பிட்டே நீ" என்பார். அவள், "ஓட்டுல மண்ணு ஜாஸ்தி கீதுண்ணா, சலிச்சி வைங்க" என்பாள். இப்படியே வருடங்கள் போயின. போன கார்த்திகையில் ஒருநாள், அவள் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் மிஷினை நிறுத்தினார். பெல்ட் ஓய்ந்ததும் தெரு ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது.

"தனம், அன்னிக்கு நான் வெளாட்டுக்குத்தான் சொன்னேன். அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தனம் சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும்ணா. அன்னிக்கு எங்கிட்ட வேற எதுவும் இல்ல."