ஆடாத சீவலுக்கு முத்திரை இல்லை

திங்கட்கிழமை காலை அந்த மென்பொருள் ஒசாகா அலுவலகத்துக்கு வந்து இறங்கியது. புதன்கிழமை மதியத்துக்குள், அது தீட்டிய மழையைத் திரையில் பார்த்துவிட்டு, மூன்று பேர் பால்கனியில் காயப்போட்ட துணியை எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். அவர்களில் ஒருவர் நனைந்து திரும்பினார். வெளியே நல்ல வெயில். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டோக்கியோ தலைமையகம் அனுப்பிய சரக்கு அது. ஒரு வீடியோ விளையாட்டின் படங்களை உள்ளே போட்டால் நாலு மடங்கு கூர்மையாக்கி, இல்லாத வெளிச்சத்தைச் சேர்த்து, தூசு தும்பைத் துடைத்து வெளியே தரும். அடுத்த வருடம் வரப்போகும் புதுக் கன்சோலுக்கான விளையாட்டு எதுவானாலும் இதன் வயிற்றுக்குள் போய்த்தான் வர வேண்டும் என்று உத்தரவு. உத்தரவோடு கூடவே வந்தவர் பிரிவுத் தலைவர் கனோமாதா. சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லாத மனிதர். அவரையும் ஒருமுறை அந்த மென்பொருளுக்குள் போட்டு எடுத்துவிட்டார்கள் என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

உராபே சுமியே மழையில் குறை காணவில்லை. அது தீட்டிய சுவரும் பிரமாதம்தான். அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது தாகோயாகி.

முப்பத்தோரு வருடமாக விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறவர் சுமியே. இந்த விளையாட்டில் ஆடுகிறவருக்கு ஒரு தள்ளுவண்டி. ஆக்டோபஸ் துண்டு வைத்த தாகோயாகி மாவு உருண்டைகளைக் குழித்தட்டில் திருப்பிச் சுட்டு, மேலே மெல்லிய மீன் சீவலைத் தூவி, சூடு ஆறுவதற்குள் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். சூடு இருக்கிறதா ஆறிவிட்டதா என்று காட்ட அளவுகோல் கிடையாது, எண் கிடையாது. உருண்டை கொதித்தால் ஆவியில் சீவல் எழுந்து ஆடும். ஆற ஆறத் துவளும். ஒசாகாவில் பிறந்தவருக்கு அது போதும். அந்த ஆட்டத்தை வரைய சுமியேவுக்கு நாலு மாதம் பிடித்தது. தினமும் அலுவலகத்துக்குக் கீழே இருந்த தாகோயாகிக் கடையில் ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார், பிறகு தின்றார். விரிகுடாவில் இருந்த ஆக்டோபஸ்கள் அந்த வருடம் கூண்டோடு இடம் மாறின என்று மீன் சந்தையில் இன்றும் சொல்கிறார்கள்.

மென்பொருள் துப்பிய படத்தில் உருண்டைகள் தங்கம்போல மின்னின. சீவல் மட்டும் மரத்தூளாகச் செத்துக் கிடந்தது. கூடவே ஓர் அறிக்கை: 'உணவின் மேல் அடையாளம் தெரியாத அசைவுகள், 1,340. பூச்சிகளாக இருக்கலாம். நீக்கப்பட்டன.'

"பூச்சியா!" என்றார் சுமியே. "முப்பத்தோரு வருஷத்துல என்னை இப்படி யாரும் திட்டினதில்ல."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிந்த பிரதி டோக்கியோவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒப்புதல் தாளில் எல்லாருடைய பெயர் முத்திரையும் விழ வேண்டும். இடது கோடியில் தலைவரின் கட்டம். வலப்பக்கம் பதவி குறையக் குறைய மற்றவர்கள். அந்த அலுவலகத்தில் யாரும் முத்திரையை நேராக வைத்ததில்லை. தலைவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் வைப்பார்கள். பெயர்கூட அவரைக் குனிந்து வணங்க வேண்டும். மூன்று மணிக்கே ஏழு பெயர்கள் குனிந்து நின்றன. சுமியேவின் கட்டம் மட்டும் காலி.

"உராபே-சான், தயவுசெஞ்சு முத்திரைய வைங்க," என்றார் கனோமாதா. "நாலு மடங்கு கூர்மை. யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?"

"அழகாத்தான் இருக்கு தலைவரே. சாவு வீட்டுப் படம் மாதிரி."

"சீவல் ஆடுறத எவன் கவனிக்கப் போறான்?"

"கவனிக்கவே மாட்டான்னா, நாலு மடங்கு கூர்மை எவனுக்கு?"

நிரல் எழுதுகிற இசொகாய் இருமி, சிரிப்பை மறைத்தார்.

கனோமாதாவின் குரல் இறுகியது. "நீங்க வைக்கலேன்னா, திங்கட்கிழமை அந்த நாற்காலில வேற ஒருத்தர் உக்காந்து வைப்பார்."

"தாராளமா உக்காரட்டும். அதுல ஒரு கால் ஆடும், முன்னாடியே சொல்லி வைங்க. இந்த ஆபீஸ்ல இனிமே ஆடப் போறது அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அவர் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மென்பொருளின் உருண்டை, மற்றதில் தன்னுடையது. "இசொகாய்-சான், மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு கிண்ணம் உதோன் நூடுல்ஸ். மேல ஒரு சோத்து உருண்டை."

"நல்லது. இதைப் பாருங்க."

மென்பொருள் திருத்திய பிரதியை இசொகாய் மூன்று நிமிடம் விளையாடினார். "ஆகா," என்றார். ஆறிப்போனது தெரியாமல் பதினொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்து, பதினொரு பேரிடமும் திட்டு வாங்கினார். பிறகு மற்ற திரைக்கு மாறினார். சீவல் எழுந்து ஆடியது. இசொகாயின் வயிறு கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே தாகோயாகிக் கடைக்காரர் தலையை நீட்டி, "எத்தனை தட்டு?" என்று கேட்டார்.

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்றார் கனோமாதா. சொல்லி முடிப்பதற்குள் மடிப்பில்லாத சட்டைக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. டோக்கியோ வயிறு, மிகவும் மரியாதையாக, ஆனால் நீளமாகப் பேசியது.

சுமியே பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். "இதை வாயில போடுங்க தலைவரே. பாவம், கத்துது."

தாளின் வலது ஓரத்தில் 'திருப்பி அனுப்புக' என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தோரு வருடத்தில் அதன்மேல் மை பட்டதில்லை. சுமியே முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்தி, அந்தக் கட்டத்தில் வைத்தார். ஒரு நூல்கூடச் சாயாமல், கம்பம்போல நேராக.

"மழையை உங்க மென்பொருள் பாத்துக்கட்டும்," என்றார். "சுவரையும் அதுவே பாத்துக்கட்டும். சீவல்மேல கை வைக்கக் கூடாது. வைச்சா என் பேர் இதுல இருக்காது."

பிறகு இசொகாய் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தன் பழைய முத்திரையின் மேல் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் புதிதாக வைத்தார். இருபது வருடப் பழக்கம். கை தானாகச் சாய்ந்தது. ஆனால் வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்தவர் வைத்தார். அடுத்தவர். ஐந்தே முக்காலுக்கு ஏழு பெயர்களும் தலைவருக்கு முதுகைக் காட்டி, சுமியேவைப் பார்த்துக் குனிந்திருந்தன.

கனோமாதா மிட்டாயை வாய்க்குள் இப்படியும் அப்படியும் தள்ளியபடி தாளை நெடுநேரம் பார்த்தார். கடைசியில், "அந்த 1,340 அசைவையும் திருப்பிப் போடுங்க," என்று இசொகாயிடம் சொல்லிவிட்டுத் தன் முத்திரையையும் வைத்தார். அவருடையது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.

பிரதியும் தாளின் நகலும் ஆறு மணிக்குப் போயின. ஆறே காலுக்கு டோக்கியோவிலிருந்து தொலைபேசி. கனோமாதா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"ஏழு முத்திரையும் வலப்பக்கம் சாஞ்சிருக்காம். ஒசாகாவுல நிலநடுக்கமான்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?"

"ஆமான்னு சொல்லுங்க," என்றார் சுமியே. கீழ்க்கடையிலிருந்து வந்த தட்டுகளில் சீவல் ஆடிக்கொண்டிருந்தது; அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுவும் விழலன்னும் சொல்லுங்க. சீக்கிரம் வைங்க போனை, ஆறிடும்."