ரீசெட் பண்ணாத வண்டி

அந்த வட்டாரத்தில் அவனுக்குக் கைராசி மெக்கானிக் என்றுதான் பேர். அவன் தொட்டுக் கொடுத்த வண்டி அப்புறம் எந்த ஒர்க்‌ஷாப் பக்கமும் தலைவைத்துப் படுக்காது என்பார்கள். அதெல்லாம் ஊரார் வண்டிக்கு. சொந்த வண்டி என்றால் அள்ளித் தெளித்த கோலம்தான்.

போன வாரம் வீட்டுக் காரில் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியைக் கழற்றி, கரியைத் துடைத்து மாட்டினான். இதைச் செய்தால் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீசெட் பண்ண வேண்டும். அழுக்கு இருந்தபோது எவ்வளவு காற்று விட்டதோ, அந்தக் கணக்கையே அது பிடித்துக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் புதுக் கணக்கைப் படித்துக்கொள்ளும். சும்மா நிற்கத்தான் அவனுக்குப் பொறுமை கிடையாதே! பானட்டைச் சாத்தி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

அவள் நர்ஸ். லைசென்ஸ் வாங்கிய சூடு ஆறவில்லை. நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை ஒன்று கூடி வந்திருந்தது. கார் ஓட்டினால்தான் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்திலும், அவன் அண்ணனையும் அண்ணியையும் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு ஆசையாக ஓட்டினாள். சிக்னலில் நின்றதும் எஞ்சின் ஏறி இறங்கி அணைந்தது. அடுத்த சிக்னலிலும் அதே கதை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் கைராசி. "இறங்கு. பின்னாடி போய் உக்காரு."

நடுரோட்டில் இறங்கி, அண்ணி பக்கத்தில் போய் ஒடுங்கிக்கொண்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். இவனும் சேர்ந்து சிரித்தான், பாவி. இவன் ஓட்டியபோது அணையவில்லை. நிற்கும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும் கால் அது. அதன்பின் காரை யாரும் எடுக்கவில்லை. இன்று காலை, அந்த வேலை வேண்டாமென்று நாளைக்குச் சொல்லிவிடப்போவதாக அவள் சொன்னாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினான்.

மதியம் ஒரு வாத்தியார் வந்தார். வேறெங்கோ சர்வீஸ் விட்ட வண்டி, நின்றால் அணைகிறதாம். வயதாகிவிட்டது, கால் சொன்னபடி கேட்கவில்லை போல என்று கூசிக்கொண்டே சொன்னார்.

"உங்க மேல தப்பே இல்ல சார். சுத்தம் பண்ணிட்டு ரீசெட் பண்ணாம குடுத்திருக்கான், மடப்பய..."

செவிட்டில் அறை வாங்கியவன் மாதிரி நின்றான். முன்பின் தெரியாத மனுஷருக்கு இவ்வளவு இதமாகச் சொல்லத் தெரிகிறது, கட்டினவளுக்குச் சொல்லத் தெரியவில்லையே. கூடம் கோணல்தான். கோணலாக்கியவனும் அவன்தான். வெட்கத்தில் காது சுட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னானா? அதுதான் இல்லை. திருட்டுத்தனமாக ஷெட்டுக்குள் போய், எஞ்சின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பழைய கணக்கை அழித்தான். எஞ்சினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தடுமாறிய சத்தம் மெல்ல மெல்ல ஒரே சீராயிற்று. அப்புறம் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் ஓட்டிப் பாரேன் என்றான். மீசையில் மண் ஒட்டாமல் தப்பிவிடலாம் என்று நினைப்பு.

பயந்து பயந்து எடுத்தாள். முதல் சிக்னலில் அணையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க அன்னிக்குத் திட்டினதும் நல்லதாப் போச்சு. தினம் மனசுக்குள்ளயே ஓட்டிப் பழகினேன். அந்த வேலைக்கு வரேன்னு சொல்லிடட்டுமா?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னான். துடைத்தது, ரீசெட் பண்ணாமல் விட்டது, சற்று முன் ஒளித்துச் செய்தது, எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தான். உன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னான்.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவங்க முன்னாடி சொன்னீங்க. இன்னிக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு என்கிட்ட மட்டும் சொல்றீங்க."

இண்டிகேட்டரைப் போட்டாள். வண்டி அவன் அண்ணன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டான். வாசலில் நிறுத்தி, எஞ்சினை அவளே அணைத்தாள்.

"இறங்குங்க," என்றாள்.