ரத்தத்துக்கு ஒன்று, மூத்திரத்துக்கு ஒன்று

மருந்துக்கு அதன் சொந்தப் பெயரை எழுதுங்கள் என்று வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியவள் ஜெயலெட்சுமி. கம்பெனி வைக்கிற பெயர் கம்பெனிக்கு. உறைமேல் மருந்தின் பெயர் இருந்தால்தானே தின்கிறவனுக்குத் தான் எதைத் தின்கிறோம் என்று தெரியும்? அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்காக ஜெனீவா வரை போய் வாதாடியவள். அன்றைக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுன் ஹோட்டலில் பல நாட்டு ஆட்களுக்கு முன்னால் அதைத்தான் பேசினாள். கை தட்டினார்கள். அந்த நேரத்தில் சுங்கை பினாங் பிளாட்டில் அவள் புருஷன் முனுசாமி அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தார்.

பக்கத்து வீட்டு ஹபீபா பீவி பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, மூளை கெட்டுவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கண் திறப்பாராம், ஆள் தெரியாதாம். இனி இப்படித்தானாம்.

ஜெயலெட்சுமிக்கு விளங்கவில்லை. காலையில் ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு எப்படி இவ்வளவு இறங்கும்? ஹபீபா பீவி இவள் வீட்டிலிருந்து இரண்டு உறைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்று ஆஸ்பத்திரி உறை. மருந்தின் பெயர் பளிச்சென்று இருந்தது, ஜெயலெட்சுமியின் சங்கம் சண்டை போட்டு வாங்கிய பலன். மற்றது பாசார் பக்கத்துக் கிளினிக்கில் போன வாரம் வாங்கியது. அதில் மருந்தின் பெயரே இல்லை. ‘கென்சிங் மானிஸ்’ என்று மலாயில் சர்க்கரை வியாதியின் பெயர் மட்டும் இருந்தது. கென்சிங் என்றால் மூத்திரம், மானிஸ் என்றால் இனிப்பு.

“அண்ணே எங்கிட்ட சொல்லிச்சுக்கா,” என்றாள் ஹபீபா பீவி. “ஆஸ்பத்திரி மருந்து ரத்தத்துல உள்ள சீனிக்காம், கிளினிக் மருந்து கென்சிங்ல உள்ள சீனிக்காம். ரெண்டும் போட்டாத்தான் முழுசா போகும்லான்னுச்சு.”

ஜெயலெட்சுமி கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள். அதே மருந்துதான். கம்பெனி வேறு, நிறம் வேறு, அவ்வளவுதான்.

பாவி மனுஷன், எவ்வளவு பொறுப்பாக யோசித்திருக்கிறார்! கிளினிக்காரன் மேல் பொங்கிய ஆத்திரம் பாதி வழியில் அவள் மேலேயே திரும்பியது. கால் எரிகிறது என்று அவர் சொன்னபோது, கூட்டம் முடியட்டும், பார்க்கலாம் என்றவள் அவள்தான். அதனால்தானே அவர் தனியாகக் கிளினிக்குக்குப் போனார்! ஊர் உலகத்துக்கெல்லாம் முக்கியம் என்று சொன்ன மருந்துப் பெயரை வீட்டில் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாளா? மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மறுநாள் ஹோட்டலிலிருந்து ஆள் வந்து, அவள் எழுதிய தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது என்று சொன்னான். சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

சீனி போட்டு ஒரே ஒரு தேத்தண்ணி கொடேன் என்று எத்தனை வருஷம் கெஞ்சினார்! ஒரு நாளும் கொடுத்ததில்லை. இப்போது கேன்டீனில் சீனியை அள்ளிப் போட்டு வாங்கிவந்தாள். உதடு நனைகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள் என்றாள் நர்ஸ் நோர்மா.

அவர் கண்கள் விட்டத்தைப் பார்த்தபடி இருந்தன. கரண்டியை உதட்டில் வைத்தாள். “இனிப்பா இருக்குங்க,” என்றாள். தேத்தண்ணி வாயோரமாக வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் கரண்டியை வைத்தாள்.