ஓடுதளத்தின் அந்தக் கோடி

ரூய்டைன் விமான நிலையத்தின் ஓடுதளம் ஐந்து கிலோமீட்டர். உலகத்திலேயே நீளமான ஓடுதளங்களைப் பட்டியல் போட்டால் அதற்கும் ஓர் இடம் உண்டு. கலஹாரிப் பாலைவன வெயிலில் காற்று மெலிந்துவிடும். கனத்த விமானம் எழும்ப அத்தனை தூரம் ஓடியாக வேண்டும். ஆனால் இப்போது தினமும் வந்துபோவது இரண்டு குட்டி விமானங்கள்தான். அவை கால்வாசி தூரம் ஓடுவதற்குள் வானத்தில் இருக்கும்.

ஆகவே, காலையில் தளத்தைச் சோதிக்கப் போகும் ஜீப்பும் பாதி வழியிலேயே திரும்பிவிடும். தாளில் மட்டும் 'முழு நீளமும் பார்த்தேன்' என்று கையெழுத்து விழும். யாரையும் ஏமாற்றுவதாக யாரும் நினைக்கவில்லை. பழக்கம் அப்படி ஊறிப்போயிருந்தது.

ஹெஸ்டரும் அன்று அப்படித்தான் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வருஷம் திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் நின்று கால் வீங்கியபின், நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த வேலை இது. நிரந்தரமாக்குவதா இல்லையா என்று மேலாளர் ஃபிளிப் வெள்ளிக்கிழமை சொல்வார். அன்று புதன்.

ஒன்பது மணிக்கு, பருவத்தின் முதல் திராட்சையோடு லண்டனுக்குக் கிளம்ப ஒரு பெரிய சரக்கு விமானம் இந்தக் கோடியில் உறுமிக்கொண்டிருந்தது. ரஸ்க்கைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ராம் அண்ணே, இது கடைசி வரைக்கும் ஓடுமே! நாம அந்தப் பக்கம் போகவே இல்லையே!"

அவளோடு ஜீப்பில் போகிற அப்ராம் சிரித்தார். "அங்க என்னம்மா இருக்கு? போனா கடல் தெரியுமா?"

"நேத்து சாயங்காலம் புழுதிக்காத்து என்னா அடி அடிச்சுது!"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க உனக்கென்ன கேடு? என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்காத."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை போனால் மறுபடி கொட்டகைதான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் ரேடியோவை எடுத்தாள்.

"டவர், ஹெஸ்டர் பேசறேன். விமானத்தை நிறுத்துங்க. காலையில பாதிதான் பார்த்தேன். முழுசும் பார்த்தேன்னு எழுதினது பொய்."

டவர் விமானத்தை நிற்கச் சொன்னது. உடனே ரேடியோவில் விமானியின் குரல் வந்தது. "அம்மா, இப்ப முப்பத்தொரு டிகிரி. வெயில் ஏறி முப்பத்தினாலைத் தாண்டினா எட்டு டன் திராட்சையை இறக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும். போன வருஷம் வரைக்கும் அதைப் பெட்டியில அடுக்கினவளே நான்தான்."

அப்ராம் திட்டிக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினார். நாலாவது கிலோமீட்டரில் ஜீப் சட்டென்று நின்றது. நடுக்கோட்டின் மேல், வேலியிலிருந்து பிய்ந்துவந்த முள்கம்பி ஒரு ஆள் நீளத்துக்குக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. அப்ராமே இறங்கி மூன்றையும் எடுத்து ஜீப்பில் போட்டார்.

"நான்தான்மா உனக்கு இந்தப் பாதி வழியைக் காட்டினேன்" என்றார்.

அவர்கள் கடைசிக் கோடு வரை பார்த்துத் திரும்பியபோது முப்பத்துமூன்று டிகிரி. ஃபிளிப் முகம் இறுகி அலுவலக வாசலில் நின்றார்.

"காலையில எழுதினது பொய்யின்னா, இப்ப சொல்றதை எப்படி நம்பறது?" என்று விமானி ரேடியோவில் கேட்டார். "பாதி தளம்தான் கணக்குன்னா பாதிச் சரக்கை இறக்கணும்."

"மூணு முள்கம்பி எடுத்தோம். கடைசிக் கோடு வரைக்கும் என் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்றாள் ஹெஸ்டர்.

விமானி முடிவு சொன்னார். "தன் பொய்யைத் தானே சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். முழுத் தளத்தையும் கணக்கில எடுத்துக்கறேன்."

விமானம் ஓடியது. பாதியைத் தாண்டியும் ஓடியது. கம்பி கிடந்த இடத்தையும் தாண்டி, தளம் முடியப்போகிற இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டது. அப்ராம் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினார்.

ஃபிளிப் காலையில் ஹெஸ்டர் கையெழுத்துப் போட்ட தாளை அவள் முன் வைத்தார். "முதல்ல இதைத் திருத்து."

அவள் 'முழு நீளமும்' என்பதை அடித்து 'பாதி நீளம்' என்று எழுதினாள். "வெள்ளிக்கிழமை நான் வரணுமா சார்?"

"வெள்ளிக்கிழமை என்ன, தினமும் வரணும். வேலை உனக்குத்தான்." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலையில ஜீப்புல எனக்கும் ஒரு இடம் வை. பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன். அந்தக் கோடியை நான் பார்த்ததே இல்லை."