இறக்கி வைக்காத பாத்திரம்

சனிக்கிழமை காலைக்குள் விஜயம் அக்கா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கரமனையில் எங்கள் தெருவில் வருடா வருடம் சாஸ்தா ப்ரீதி நடக்கும். ஐயப்பனுக்குப் படைத்துவிட்டுத் தெரு முழுக்க இலை போட்டுச் சாப்பிடுகிற நாள் அது. அந்தச் சமையலுக்குச் சாம்பார் பொடியும் ரசப்பொடியும் அக்காவின் கையால்தான் போகும். இந்த வருடமும் முடியுமா என்று கமிட்டிச் செயலாளர் சாய் மாமா கேட்டிருந்தார். முடியாது என்று சொல்ல அக்கா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சமைக்கிறவர்கள் அடுப்பில் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்த்தால் அது எச்சில். உப்பு போதுமா என்பதைக்கூட ஆவியை முகர்ந்துதான் சொல்வார்கள். அக்கா அதில் கெட்டிக்காரி. நான் அடுப்படியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தால், உள்ளே துணி மடித்தபடியே, "போறும், அணைச்சுடு" என்பாள். ஓணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மணம் திரும்பவில்லை. சாம்பிராணி, பெருங்காயம், மழை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதன்பிறகு நான்தான் அவளுடைய மூக்கு. வாணலிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

"வந்தாச்சா?"

"வந்த மாதிரி இருக்கு."

"மாதிரின்னா என்னடீ? வந்துதா, வரல்லையா?"

"கொஞ்சம் வந்திருக்கு அக்கா. ஆனா அது முன்னாடி வறுத்த மிளகாயோட மணமா, இதோட மணமான்னு..."

"உன்கிட்டே கேக்கறதுக்கு அந்தச் சுவத்துகிட்டே கேக்கலாம்."

அவள் சொல்வதில் தவறில்லை. நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். ஆடிட்டர் அலுவலகத்தில் அது நல்ல குணம். வாணலிக்கு முன்னால் அந்த இரண்டாவது முறைக்குள் மல்லி கருகிவிடும். கருகியது. அக்கா விற்கிற பொடியை வாடிக்கையாக வாங்கும் சுசீலாபாய், அது கசக்கிறது என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அக்கா மன்னிப்புக் கேட்டு வேறு பொடி கொடுக்கவில்லை. இனிமேல் பொடி இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதோடு அவளுக்குச் சாப்பாடும் குறைந்தது. ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்பாள். வளையல்கள் முழங்கைவரை ஏற ஆரம்பித்தன.

மாலையில் நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். அங்கே என் பக்கத்து இருக்கை ஆர்யாவுடையது. அவளிடம் இதைச் சொன்னபோது, பட்டம் என்கிற பகுதியில் ஒரு ஹாட்பாட் கடை இருப்பதாகவும், மேசையிலேயே கொதிக்கிற குழம்பில் நாமே காய்களை வேகவைத்துச் சாப்பிடலாம் என்றும் சொன்னாள். "நின்டெ சேச்சியைக் கூட்டிட்டு வா. ருசி இல்லேங்கிலும் ரசம் உண்டு" என்றாள். அவளுடைய மலையாளத்தில் ரசம் என்றால் வேடிக்கை என்று அர்த்தம்.

நான் அந்தக் கடைக்கு முன்கூட்டியே போன் செய்தேன். மீன் சேர்ந்த சாறு உண்டா, கறி கொதித்த பாத்திரமா, சைவத்துக்குக் கரண்டி தனியா என்று கேட்டேன். எல்லாம் தனி என்றார்கள். இன்னொருமுறை போன் செய்து இன்னொருவரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இவ்வளவு கேட்டவள், சாப்பிடும் முறையை மட்டும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவும் நானும் முதலில் போய்ச் சேர்ந்தோம். ஆர்யாவின் பஸ் பாளையத்தில் நெரிசலில் நின்றிருந்தது. மாடியில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு அடுப்பு. ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஆவி நேராக மேலே போய், கூரைக்குக் கீழே ஒன்றாகிப் படர்ந்திருந்தது. அதற்கடியில் ஆட்கள் முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, எழுந்து குனிந்து எதையோ தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை அடுப்பை ஒரே இடத்தில் நான் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே பின்கட்டு என்று எதுவும் இல்லை.

"சமையல்காரா எங்கே?" என்றாள் அக்கா.

"தெரியல்லை."

பரிமாறுகிறவர் பிரவின்ராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பேச்சு. நடுவில் வளைந்த தடுப்பு வைத்த பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பக்கம் காளான் சாறு வெள்ளையாக இருந்தது. இன்னொரு பக்கம் எண்ணெய் சிவப்பாக மின்ன, வற்றல் மிளகாய்கள் மிதந்தன. தட்டுகளில் முட்டைக்கோஸ், கீரை, காளான், சோயாக்கட்டி, வட்டமாக நறுக்கிய தாமரைக் கிழங்கு. எல்லாம் பச்சை. "கொதிச்சதும் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கொதித்தது. முதலில் ஓரத்தில் சின்னக் குமிழ்கள், பிறகு அடியிலிருந்து ஒரு புரளல். சிவப்புப் பக்கத்தில் மிளகாய்கள் உள்ளே போய் வேறு இடத்தில் வெளியே வந்தன. அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அடுப்பு பார்க்கிறவள், உட்கார்ந்த இடத்திலிருந்து கொதிப்பைப் பார்த்தது இல்லை. தட்டில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக இரண்டு பக்கமும் போட்டாள். பிறகு நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

கீரை கறுத்தது. முட்டைக்கோஸ் கண்ணாடி மாதிரி ஆகி, கரைந்து, காணாமல் போனது.

"குழையறதே லச்சு. எப்போ வந்து இறக்கி வைப்பா?"

"கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அவாளுக்கு ஒரு பக்குவம் இருக்கும்."

எதிர் மேசையில் ஒரு சின்னப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் தன் அம்மாவிடம் எதையோ சொன்னாள்.

ஆர்யா வந்தபோது பாத்திரத்தில் பாதி வற்றியிருந்தது. "அய்யோ! எந்தா இது? சாப்பிடாதே இருக்கீங்க?"

"இன்னும் இறக்கல்லையே" என்றேன்.

"ஆரு இறக்கும்?"

நான் பிரவின்ராஜ் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். ஆர்யா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சத்தம் கேட்டு பிரவின்ராஜ் ஓடிவந்தார்.

"ஆளு வரதுக்கு வெயிட் பண்ணுதீங்கன்னுல்லா நெனச்சேன்! இது இறக்குத சாமானம் இல்லக்கா. அடுப்புல இருக்கப்பவே எடுத்துத் திங்கணும்." அவர் குழைந்ததை வாரி எடுத்துவிட்டு, புதிதாகச் சாறு ஊற்றி, வேறு தட்டுகள் வைத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "அடுப்பிலே இருக்கும்போதேயா?" என்று மட்டும் கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் கரண்டியைச் சிவப்புப் பக்கத்தில் முக்கி, ஒரு சோயாக்கட்டியை எடுத்து ஊதி வாயில் வைத்தாள்.

எப்போதும் போல அசைவில்லாத முகத்தோடு மென்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பெரிதாயிற்று.

"சுட்டுடுத்தா? துப்பு அக்கா. ஏதாவது ஒத்துக்கல்லையா?" தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளினேன். இரண்டு முறை போன் செய்தும் கேட்காமல் விட்ட ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கையை எடுத்தாள்.

"ஓடறதுடீ."

"என்னது?"

"நாக்கிலே. எரியல்லை. எறும்பு ஊர்ற மாதிரி... இல்லை, கரண்ட் மாதிரி. உதட்டுக்கு வந்தாச்சு இப்போ." உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஏதோ இருக்கு லச்சு. எனக்குத் தெரியறது."

ஓணத்திலிருந்து ஒரு உணவைப் பற்றி 'தெரியறது' என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை. ஆர்யா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அக்கா கரண்டியால் துழாவி, வாய் பிளந்த சின்னச் சின்னத் தொலிகளை எடுத்து உள்ளங்கையில் போட்டாள். மிளகளவே இருந்தது, சிவப்பாக, உள்ளே வெறுமையாக. சீன மிளகு என்றார் பிரவின்ராஜ். ஒன்றை முன்பல்லில் கடித்தாள். "அக்கரகாரம் மாதிரி. குழந்தைக்கு உரசி நாக்கிலே தடவுவாளே, அதே மரப்பு. ஆனா இது நிக்கறதே இல்லை." தண்ணீர் குடித்தாள். டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். "தண்ணி கூடப் புளிக்கறது!"

நானும் ஒன்றைக் கடித்தேன். நாக்கு என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. வெறும் தண்ணீர் எலுமிச்சைப் பக்கம் போயிற்று. எனக்கு இது ஒரு வேடிக்கை. அவளுக்கு அப்படியில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதுகு நேராகிவிட்டிருந்தது.

பிறகு அவள் செய்ததைத்தான் நான் ஒன்றும் விடாமல் எழுதிவைக்க நினைத்தேன். வெள்ளைப் பக்கத்தில் தாமரைக் கிழங்கு வட்டங்களைப் போட்டாள். போட்ட உடனேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "துவர்ப்பு" என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. "துவர்ப்பு போறது. பல்லிலே சத்தம் இருக்கு." இன்னொன்று. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டாள். "தித்திப்பு வந்தாச்சு. இதுதான். இப்போ எடுத்துடணும்." எங்கள் இருவர் தட்டிலும் போட்டாள். நான் கடித்தேன். மொறுமொறுப்பும் இனிப்பும் சரியாகச் சேர்ந்த இடம் அது. விட்டிருந்தால் மாவாகியிருக்கும். அவள் ஒன்றை வேண்டுமென்றே விட்டாள். அதையும் தின்று பார்த்து, "தாண்டிப் போச்சு" என்றாள்.

நாக்குக்கு உப்பும் புளிப்பும் கசப்பும் தித்திப்பும் தெரியும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் அதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டு மறந்துவிட்டோம். அக்காவோ அடுப்பில் இருக்கும் எதையும் இதுவரை நாக்கில் வைத்ததே இல்லை. கொதிக்கிற பாத்திரத்துக்குள் ஒரு பொருள் துவர்ப்பிலிருந்து தித்திப்புக்கு நடந்து போவதை அவள் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் தட்டு ஆறிப்போனதை ஆர்யா சொல்லித்தான் கவனித்தேன்.

"சேச்சி, மதியோ, போதுமா? இன்னொரு தட்டு சொல்லட்டா?"

"சொல்லு" என்றாள் அக்கா. "ரெண்டு சொல்லு."

மறுநாள் நான் எழுந்தபோது அக்கா குளித்து, அடுப்பு மூட்டியாகிவிட்டது. வாணலியில் ஒரு பிடி மல்லிதான். பக்கத்தில் ஒரு தட்டு. நான் வழக்கம்போல மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"நீ தள்ளிக்கோ. குழப்பாதே."

கரண்டி நுனியால் நாலு மல்லியைத் தட்டில் எடுத்து, ஆற்றி, வாயில் போட்டுக் கடித்தாள். மென்றாள். துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். கிளறினாள். மறுபடி நாலு. இந்தத் தடவை கடிக்கும்போது சத்தம் மாறியிருந்தது, எனக்கே கேட்டது. அவள் புருவம் ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மணம் வந்தது, சந்தேகமே இல்லாமல்.

"அக்கா, சரியா இருக்கு!"

"எனக்குத் தெரியும்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிறைய நேரம் துடைத்தாள்.

சாய் மாமாவின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன விஜயம், உண்டா, இல்லையா? இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கணுமாக்கும்."

"உண்டு மாமா. ஆனா ஒண்ணு. எனக்கு மூக்கு போயாச்சு. கடிச்சுப் பார்த்துத்தான் வறுக்கறேன். கடிச்சதைத் திருப்பிப் போடறதில்லை. இருந்தாலும் சொல்லாம பண்ண மாட்டேன்."

மாமா தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"படைக்கறது பொடியை இல்லையே, சாம்பாரைத்தானே" என்றார்.

"அதை நீங்க சொல்லுங்கோ. நான் சொல்லிண்டா சௌகரியத்துக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

"பூஜை பண்ற வாத்தியார்கிட்டே கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

போன் வைத்ததும், சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தேன். அக்கா வறுத்த மல்லியை முறத்தில் பரப்பி, ஊதித் தூசி போக்கினாள். அவள் எதற்கும் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

அரைமணி கழித்து மறுபடி மாமா. "மல்லி சாலைக்கடையிலே எடுக்கட்டுமா, எப்பவும் உனக்குக் கொண்டுவர ஆளே எடுப்பாரா?"

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"எல்லாரும் திருட்டுத்தனமா ருசி பார்க்கறதுதான் அவருக்குத் தெரியுமாம். சொல்லிட்டுப் பார்க்கறவா இப்போதான் முதல் தடவையாம். பண்ணச் சொல்லுன்னார்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என் ஆளே எடுப்பார் மாமா. கடையிலேன்னா கடிச்சுப் பார்க்காம வாங்கணும், அது இனிமே என்னால முடியாது."