கட்டைவிரலின் அடக்கம்

என் இடது கால் கட்டைவிரலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நோயாளி அதுதான். நான் கூட வந்தவன். கட்டில் விரலுக்கு, தரை எனக்கு. காலை மட்டும் கட்டில்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே படுத்திருந்தேன்.

விரல் கரியாய்க் கறுத்திருந்தது. பூமிதித் திருவிழாவில் வந்த கொப்புளம். அன்றைக்கு நெருப்பில் நான் நிதானமாகவே நடந்தேன். சூடே தெரியவில்லை. அம்மன் அருள் என்று ஊரே என் காலில் விழுந்தது. சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போயிருக்கிறது என்றார் டாக்டர் தமயந்தி. படித்தவர்கள் வயிற்றெரிச்சலில் ஏதாவது சொல்வார்கள்.

பார்க்க வந்தவர்கள் விரலுக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். என்னிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

டாக்டர் விரலுக்கு நாடி பார்த்தார்.

"விரல் செத்துடுச்சு. அழுகல் மேல ஏறுது. முழங்காலோட எடுத்துட்டா நீங்க பிழைப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தரிக்காய்க்கே கேட்ட விலை கொடுக்காதவன் நான். விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொன்னேன். டாக்டர் சொல்வதைக் கேள் என்று என் மனைவி கௌரம்மா கெஞ்சினாள். எனக்கு ஒன்றும் ஆகாது, போ என்றேன். அவள் இடுகாட்டுக்குப் போனாள்.

விரலை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். வெட்டிய உறுப்பை வீட்டுக்காரர்கள்தான் புதைக்க வேண்டும். நான் எதிலும் குறை வைப்பதில்லை. மேளம் வைத்தேன். ஊரே மாலையோடு வந்தது, டாக்டரும் வந்தார். பாதி வழியில் கறுப்பு கணுக்காலுக்கு ஏறியிருந்தது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

குழி தயாராக இருந்தது. ஆள் நீளம். ஒரு விரலுக்கு எதற்கு இவ்வளவு என்று குழி வெட்டியவரிடம் சண்டைக்குப் போனேன். உங்க வீட்டம்மா சொன்ன அளவு என்றார். அகலமும் அதிகம்தான்.

கௌரம்மா குழிக்குள் இறங்கி ஓரமாகப் படுத்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"நீ போயிட்டா நான் மட்டும் இங்க என்ன பண்றது? உனக்கு எடம் உட்டுத்தான் படுத்திருக்கன். வா."

எனக்குப் பயம் வந்தது. அப்படியொரு பயம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, டாக்டரிடம் காலை நீட்டினேன்.

"முழங்காலோட எடுத்துக்குங்க."

டாக்டர் பையைத் திறந்தார். கௌரம்மா எழுந்து, புடவையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு கால் மட்டும் கொள்கிற மாதிரி குழியை மூடச் சொன்னாள்.