ஐந்து வேலை நாள்

மலர்வளையத்துக்கும் வரைபடத்துக்கும் ஃப்ளெமிங் ஒரே மூச்சில் உத்தரவு போட்டார். "சோல்வையோட அம்மாவுக்கு வெள்ளை லில்லி சொல்லிடு, கஞ்சத்தனம் பண்ணாதே. அப்படியே அந்தப் படிக்கட்டு வரைபடத்தையும் இன்னைக்கே பொதுக்கோப்புல ஏத்திடு." கோட்டை மாட்டிக்கொண்டு சவ அடக்கத்துக்குக் கிளம்பிவிட்டார். இரண்டையும் செய்தவள் நான். அவருடைய கட்டடக்கலை அலுவலகத்தில் பதினாறு வருடமாக வரைபடம் போடுகிறேன். அந்த வரைபடம் முடிந்து பத்து நாளாக என் மேஜையில் கிடந்தது.

பள்ளி நூலகத்தின் படிக்கட்டு அது. அழகு ஃப்ளெமிங்குடையது, தாங்குமா என்ற கணக்கு சோல்வையுடையது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் தனியாளாக அலுவலகம் நடத்தும் பொறியாளர் அவள். படிக்கட்டின் நடுமேடை சுவருக்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஓரத்தில் வெளிச்சம் விழ இடைவெளி வேண்டும் என்று இவர் அதை நாலாக்கினார். இரு அலுவலகமும் பார்க்கும் பொதுக்கோப்பில் ஏற்றிய வரைபடத்துக்கு ஐந்து வேலை நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் இருவரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒப்பந்தம் அப்படி. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைந்துகொண்டிருந்தால் ஒரு கட்டடமும் எழும்பாது.

அந்த ஐந்து நாளும் சோல்வை அம்மாவின் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஃப்ளெமிங்குக்குத் தெரியும். அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது, அலமாரிகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரிடம்தான் யோசனை கேட்டாளாம்.

நூலகம் திறந்த ஒன்பதாம் நாள் நடுமேடை விழுந்தது. கீழே நின்ற நூலகருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று.

இரண்டு வருடம் கழித்து, கோபன்ஹேகனில் நடுவர் முன்னால் உட்கார்ந்தோம். நாலு சென்டிமீட்டரைச் சோல்வை ஏற்றுக்கொண்டாளா என்பதுதான் கேள்வி. ஆமென்றால் முழுப் பழியும் அவள் தலையில் விழும். இனி எந்தக் கணக்கிலும் அவள் கையெழுத்துச் செல்லாது.

சோல்வை பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். மலர்வளையத்தோடு வந்த அட்டை. நடுவர் அதை ஃப்ளெமிங்கிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "வேலையைப் பற்றி எதுவும் யோசிக்காதே. எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

"நீங்க எழுதினதா?" என்றார் நடுவர்.

"ஆமா. துக்கத்துல இருந்தவளுக்கு சிநேகிதனா எழுதினேன். வேலை விஷயம்னா பொதுக்கோப்புல மட்டும்தான் எழுதணும். அந்த விதியைச் சேர்க்கச் சொன்னதே நீதானே, சோல்வை?"

"அந்த வாரம் நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா ஆபீஸை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் போயிருக்கணும்மா."

அந்த 'ம்மா'வுக்காகவே அவரை அறையவேண்டும் போலிருந்தது.

நடுவர் கேட்டார். "வரைபடம் எப்ப தயாராச்சு?"

"அன்னைக்குக் காலையிலதான்," என்றார் ஃப்ளெமிங். பின்னால் கோப்புகளோடு உட்கார்ந்திருந்த என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அட்டையைக் கணக்குல எடுத்துக்க முடியாது. வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்றார் நடுவர்.

சோல்வை மட்டும் என்னைப் பார்த்தாள். பத்து நாள் என்ற இரண்டு சொல் என் வாய்வரை வந்து நின்றது. நான் கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினேன்.

அவள் அட்டையை உறைக்குள் போட்டாள். மடிப்பில் பசை காய்ந்துபோயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள், திறந்துகொண்டது. மறுபடியும் அழுத்தினாள்.